அல்கோன்குவின் பூங்காவில் மூஸ் பார்க்க எங்கே, எப்போது போகவேண்டும்?

கேள்வி இதுதான்: மே மாதக் கடைசியில், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவையும் ஏழு வயதுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கனடாவின் டொராண்டோவிலிருந்து அல்கோன்குவின் பூங்காவுக்குப் போகிறோம். கையில் ஒன்றரை நாள். மானினத்திலேயே பெரிதான மூஸ், கரடி, ஓநாய் பார்க்க எந்த ட்ரெயில் (காட்டு நடைபாதை) நல்லது?

தேதியைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். வருடத்தில் மூஸ் பார்க்க இதைவிட நல்ல சமயம் இல்லை. ஆனால் நீங்கள் அதைப் பார்க்கப்போவது பெரும்பாலும் ட்ரெயிலில் இருக்காது. பூங்காவின் தென்பகுதியை ஊடறுத்துச் செல்லும் நெடுஞ்சாலை 60இன் ஓரத்துப் பள்ளத்தில்தான் இருக்கும். அதனால் ட்ரெயில் எது என்பதை இரண்டாவதாக வைத்துக்கொண்டு, அந்த விலங்கு இப்போது எதைத் தேடி அலைகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். மற்ற முடிவுகள் எல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

குளிர்காலம் முழுக்க மூஸ் சின்னக் கிளைகளையும் மொட்டுகளையும் ஊசியிலைகளையும் தின்றே காலம் தள்ளுகிறது. அதில் உப்புச்சத்து கிட்டத்தட்ட இல்லை. வசந்தம் வரும்போது அதன் உடம்பு சோடியத்துக்கு ஏங்கிப்போயிருக்கும். அதே குளிர்காலத்தில் பனி உருகுவதற்காகச் சாலையில் கொட்டிய உப்பு முழுவதும், உருகிய பனியோடு ஓடி ஓரத்துப் பள்ளங்களில் தேங்கியிருக்கும். மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை மூஸ் காட்டைவிட்டு வெளியே வந்து அந்தக் கலங்கல் தண்ணீரைக் குடிக்கிறது. ஜூன் கடைசியில் ஏரிகளில் அல்லியும் மற்ற நீர்த்தாவரங்களும் தழைத்துவிடும். அவற்றில் சோடியம் நிறைய உண்டு. அப்போது மூஸ் பள்ளத்தை விட்டுவிட்டுச் சதுப்புக்குப் போய்விடும். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் பகல் முழுக்க நிழலில் படுத்துக்கொள்ளும். கோடை விடுமுறையில் போய்விட்டு ஒன்றையும் காணோம் என்று திரும்புகிறவர்கள் பலர். அதற்கு இதுதான் காரணம். செப்டம்பர் கடைசியில் இணைசேரும் பருவம் வரும்போது ஆண் மூஸ்கள் மறுபடி நடமாடத் தொடங்கும்.

நெடுஞ்சாலை 60 பூங்காவுக்குள் சுமார் 56 கிமீ ஓடுகிறது. மேற்கு வாசலிலிருந்து கிமீ கணக்கு வைத்திருக்கிறார்கள். எல்லா இடத்தையும் இந்தக் கிமீ எண்ணைச் சொல்லியே குறிப்பிடுவார்கள். விடிந்ததிலிருந்து இரண்டு மணி நேரமும், மாலையில் சூரியன் மறைவதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும் இந்தச் சாலையில் ஒருமுறை போய் ஒருமுறை திரும்புங்கள். மே கடைசியில் சூரியன் காலை ஐந்தரை மணி வாக்கில் உதிக்கும், இரவு ஒன்பதை ஒட்டி மறையும். ஓட்டுகிறவர் சாலையைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது. மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் பள்ளத்தைக் கவனிக்கட்டும்.

பள்ளத்தில் என்ன தேடுவது? முதலில் சேறு. சுற்றிலும் புல் பச்சையாக இருக்க, ஓரிடத்தில் மட்டும் மண் மிதித்துக் குழம்பிக் கறுப்பாகக் கிடக்கும். அதில் இரண்டாகப் பிளந்த குளம்புத் தடங்கள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு பெரிய மனிதரின் உள்ளங்கையைவிட நீளமாக. தடத்துக்குள் தேங்கிய நீர் தெளிந்திருந்தால் விலங்கு போய் நேரமாகிவிட்டது. நீர் இன்னும் கலங்கலாக இருந்தால் பக்கத்து மரங்களுக்குள்ளேயே நிற்கலாம். காரை எடுத்துக்கொண்டு போய்விட்டு அரைமணி கழித்துத் திரும்பி வாருங்கள். உப்பு ஊறும் இடம் மாறாததால், ஒரே பள்ளத்துக்குத் திரும்பத் திரும்ப வரும்.

மூஸ் கண்ணில் பட்டதும் நடக்கும் குளறுபடிதான் இந்தப் பூங்காவில் எனக்குப் பெரிய கவலை. இது வேகவரம்பு 80 உள்ள பொதுச் சாலை; மரம் ஏற்றிய லாரிகளும் போகும். முன்னால் போகிற கார் நடுச்சாலையிலேயே நின்றுவிடும், பின்னால் வருகிறவர் பிரேக் அடிப்பார், பிள்ளைகள் கதவைத் திறந்துகொண்டு சாலையைக் கடப்பார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். விலங்கைத் தாண்டிப் போய், நான்கு சக்கரமும் ஓரத்துச் சரளையில் ஏறும்படி நிறுத்தி, அபாய விளக்கைப் போடுங்கள். கண்ணாடியை இறக்கிக் காருக்குள்ளிருந்தே பாருங்கள். நிற்கும் காரை மூஸ் பெரிதாகப் பொருட்படுத்தாது. ஆள் இறங்கினால்தான் தலையைத் தூக்கும். உள்ளே இருந்தால் கால்மணி நேரம்கூட நிம்மதியாகப் பார்க்கலாம்.

இருட்டிய பிறகு இந்தச் சாலையில் ஓட்டுவதை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். வளர்ந்த மூஸின் தோள் ஆறடி உயரத்தில் இருக்கும், எடை 400 கிலோவைத் தாண்டும், நிறம் கிட்டத்தட்டக் கறுப்பு. சாதாரண மானின் கண் முகப்பு விளக்கில் பளிச்சிடும். மூஸின் கண் விளக்கு வெளிச்சத்துக்கு மேலே இருப்பதால் பெரும்பாலும் அதுவும் தெரியாது. மோதினால் கார் அதன் காலை வாரிவிட, உடம்பு நேராக முன்கண்ணாடியில் வந்து விழும்.

இனி ட்ரெயில். அம்மா அப்பாவுக்கும் பிள்ளைக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால், கிமீ 42.5இல் இருக்கும் ஸ்ப்ரூஸ் பாக் போர்டுவாக்கைச் சொல்வேன். 1.5 கிமீ தூரம், ஏற்றம் மிகக் குறைவு, சதுப்பின் மேல் பலகைப் பாதை. ஆனால் பலகை ஈரமாக இருந்தால் வழுக்கும். செருப்போடு போகாமல் ரப்பர் அடியுள்ள மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள். சதுப்பில் நிற்கும் கறுப்பு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்களைப் பார்த்தால் இளங்கன்று என்று தோன்றும். ஆளுயரத்துக்குச் சற்று மேலே இருக்கும் மரத்துக்குப் பல பத்தாண்டு வயது இருக்கலாம். அடியில் இருப்பது மண் அல்ல, நூற்றாண்டுகளாகச் சேர்ந்த பாசி மெத்தை. அமிலம் அதிகம், சத்து குறைவு, அதனால் வளர்ச்சி இல்லை. பலகையின் ஓரத்தில் குனிந்து பார்த்தால் பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைத் தாவரம் தெரியும். சிவப்பு நரம்போடிய குடுவையில் மழைநீர் நிற்கும். பிள்ளைக்கு மூஸைவிட இது பிடித்துப்போனாலும் ஆச்சரியமில்லை.

இதே ட்ரெயிலில்தான் கனடா ஜே என்ற சாம்பல் நிறப் பறவையைத் தேடவேண்டும். ஆளைக் கண்டு பயப்படாது, சத்தமில்லாமல் கிளை கிளையாகக் கிட்டே வரும். காலை உற்றுப் பாருங்கள்: சின்னச் சின்ன வண்ண வளையங்கள் மாட்டியிருக்கலாம். இங்குள்ள ஜே பறவைகளை 1960களிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஆய்வாளர்கள் கண்காணித்து வருகிறார்கள். எந்தக் காலில் எந்த நிறம் என்பதுதான் அந்தப் பறவையின் அடையாளம். கோடையிலும் இலையுதிர்காலத்திலும் கிடைக்கும் உணவை எச்சிலால் உருட்டி மரப்பட்டைக்குள் செருகி வைத்து, அந்தச் சேமிப்பை நம்பி மார்ச் மாதப் பனியிலேயே முட்டையிடும். இலையுதிர்காலத்தில் வெப்பம் கூடினால் செருகிவைத்தது கெட்டுப்போகிறது. பூங்காவில் இவற்றின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருவதற்கு அதை முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். மே கடைசியில், கூட்டைவிட்டு வந்த இளம் பறவைகள் புகைக்கரி நிறத்தில் இருக்கும். வேறு இனம் என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் மிக்சர் பொட்டலத்தைக் கண்டு அவை வந்தாலும் எதுவும் போடாதீர்கள்.

இரண்டாவது, அதிகம் பேருக்குத் தெரியாத வழி. மிஸி லேக் ட்ரெயில் விலங்கு பார்ப்பதற்கென்றே பெயர் பெற்றது. ஆனால் முழுச் சுற்று சுமார் 11 கிமீ, வேரும் சேறுமாக ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். அம்மா அப்பாவால் ஆகாது. அதன் மிக நல்ல பகுதியான வுல்ஃப் ஹவுல் குளத்தையும் வெஸ்ட் ரோஸ் ஏரியையும் வேறு பக்கமாக எட்டிவிடலாம். கிமீ 15.4இல் அரோஹான் சாலையில் திரும்பி, சுமார் 5 கிமீ உள்ளே போனால் வலப்பக்கம் பழைய ரயில் தடம் ஒன்று பிரியும். அதில் கொஞ்ச தூரத்தில் வாகனத்தைத் தடுக்கும் சங்கிலி. அங்கே காரை விட்டுவிட்டு நடக்கவேண்டியதுதான். மரவியாபாரி ஜே. ஆர். பூத் 1890களில் போட்ட ரயில் பாதை அது. தண்டவாளம் போய்விட்டது, சமதளமான தடம் மட்டும் இருபுறமும் தண்ணீரோடு அப்படியே இருக்கிறது. காலை எட்டு மணிக்குள் அங்கே இருந்தால் மூஸ், ஆற்று நீர்நாய், மரத்தை வெட்டி அணைகட்டும் பீவர், வெயில் காய மரக்கட்டையில் ஏறிய ஆமை, எதுவும் சாத்தியம். எட்டிய தூரம் போய்த் திரும்பிவிடலாம். இந்த ட்ரெயிலில் நாய்க்கு அனுமதி கிடையாது.

பீவர் பார்க்க ஆசையிருந்தால் கிமீ 45.2இல் பீவர் பாண்ட் ட்ரெயில் இருக்கிறது, 2 கிமீ, ஓரிரு இடத்தில் செங்குத்து. பகலில் போனால் அணையும் வீடும்தான் தெரியும். பீவர் பெரும்பாலும் மாலையில்தான் வெளியே வரும். குளத்தில் குவித்த கிளைமேட்டில் புதுச் சேறு பூசியிருக்கிறதா, சுற்றிலும் வெட்டிய மரத்தண்டு இன்னும் வெளிறிய மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள். தண்டு சாம்பல் நிறமாகிவிட்டது என்றால் அந்த வீட்டில் யாரும் இல்லை, காத்திருந்து பயனில்லை. காட்சிக்காக மட்டும் என்றால் கிமீ 39.7இல் லுக்அவுட் ட்ரெயில்: தூரம் 2 கிமீதான், ஆனால் ஏற்றம் கடுமை, மேலே பாறை விளிம்பில் கைப்பிடி கிடையாது. பிள்ளையின் கையை விடக் கூடாது. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருந்துகொள்ளட்டும்.

கிமீ 46.3இல் வடக்கே பிரியும் ஓபியாங்கோ சாலையை விட்டுவிடாதீர்கள். காஸ்டெல்லோ ஓடையின் சதுப்பு சாலையோரத்திலேயே விரிகிறது. மாலை வெயிலில் காரிலிருந்தபடியே மூஸ் பார்க்க இது மிக நல்ல இடம். சாலையின் முடிவில் பூங்காவின் மிகப் பெரிய ஏரியான ஓபியாங்கோ. அங்கே லூன் பறவையின் அழுகுரல் கேட்கும்.

கரடிக்கும் ஓநாய்க்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. இங்கே இருப்பது கருங்கரடி மட்டும். கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடி மேற்கே ராக்கி மலைப் பக்கம்தான். வசந்தத்தில் கருங்கரடி சாலையோரப் புல்லை மேய வருவதுண்டு, பார்ப்பது அதிர்ஷ்டம். எதிரே வந்துவிட்டால் ஓடக் கூடாது, மரம் ஏறக் கூடாது. அதற்கு இரண்டும் நம்மைவிட நன்றாக வரும். பிள்ளையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, நிதானமாகப் பேசியபடி பின்னோக்கி நகருங்கள். அரிதினும் அரிதாக அது தாக்கினால் செத்தவர் போலக் கிடக்காமல், கையில் கிடைத்ததை எடுத்து அடித்துப் போராட வேண்டும். ஓநாயைப் பொறுத்தவரை பார்ப்பதைவிடக் கேட்பதுதான் இங்கே வழக்கம். 1963 முதல் ஆகஸ்ட் மாத வியாழக்கிழமைகளில் பூங்கா ஊழியர்கள் மக்களைச் சாலையோரம் நிறுத்தி, தாங்களே ஊளையிட்டு ஓநாயின் பதிலைக் கேட்க வைக்கிறார்கள். முந்தின நாள் ஓநாய்கள் இருக்குமிடம் தெரிந்தால்தான் நடக்கும். அதற்கு ஆகஸ்டில் வரவேண்டும்.

அமைதியாக நடப்பதா, சத்தம் போட்டு நடப்பதா என்ற குழப்பம் பலருக்கு. கிரிஸ்லி உள்ள பான்ஃப், ஜாஸ்பர் பூங்காக்களில் கூட்டமாக, பேசிக்கொண்டே, கரடி ஸ்ப்ரேயைக் கைக்கெட்டும்படி இடுப்பில் மாட்டிக்கொண்டுதான் நடக்கவேண்டும். அல்கோன்குவினில் மெதுவாக, கிசுகிசுப்பாக நடந்தால்தான் எதுவும் கண்ணில் படும். பாதை மறைந்து திரும்பும் இடத்திலும் ஓடைச் சத்தம் பலமாக உள்ள இடத்திலும் மட்டும் குரல் கொடுங்கள்.

கரடியைவிட மூஸிடம்தான் நீங்கள் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். மே கடைசி என்பது கன்று ஈன்ற சமயம். கன்றோடு இருக்கும் தாய் காதைப் பின்னால் மடக்கி, பிடரி மயிரைச் சிலிர்த்து, உதட்டை நக்கினால் அடுத்து பாய்ந்து வரும். அப்போது ஓடலாம், ஓடிப் பெரிய மரத்துக்குப் பின்னால் நின்றுகொள்ளுங்கள். தூரக் கணக்கு, கனடாவின் தேசியப் பூங்காக்கள் வைத்திருப்பது: மூஸ், மான் வகைகளுக்கு 30 மீட்டர், கரடிக்கும் ஓநாய்க்கும் 100 மீட்டர். கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பாருங்கள். விலங்கு விரலுக்குள் மறையாவிட்டால் நீங்கள் கிட்டப் போய்விட்டீர்கள்.

இந்தத் தேதியின் கெட்ட செய்தி: கறுப்பு ஈ. மூஸ் வெளியே வரும் அதே நாட்களில்தான் இதுவும் உச்சத்தில் இருக்கும். நம் ஊர்க் கொசுபோல ஊசி போடாது, தோலைக் கிழித்து ரத்தம் குடிக்கும். கடித்த இடம் சில நாள் வீங்கிக் கிடக்கும். பகலில் மட்டும் வரும், காற்றடித்தால் வராது, அடர்நிறத் துணியை நாடும். மயிர்க்கோட்டிலும் காதுக்குப் பின்னாலும் சட்டைக் கையின் விளிம்புக்குள்ளும் ஊர்ந்து போய்க் கடிக்கும். ஆகவே வெளிர் நிற முழுக்கைச் சட்டை, கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுவது, தொப்பிமேல் போடும் வலை. வலை ஆளுக்கு ஒன்று வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் அப்பா அம்மா பத்து நிமிடத்தில் காருக்குத் திரும்பிவிடுவார்கள். பூச்சிவிரட்டியில் டீட் என்ற வேதிப்பொருள் பெரியவர்களுக்கு 30 சதவீதம் வரை, உங்கள் ஏழு வயதுப் பிள்ளைக்கு 10 சதவீதம் வரை, அதுவும் நாளுக்கு மூன்று முறைக்கு மேல் கூடாது. பிள்ளையின் கையில் தடவாதீர்கள், வாய்க்குப் போகும். டீட் மூக்குக்கண்ணாடியையும் பிளாஸ்டிக்கையும் அரித்துவிடும். 20 சதவீத இகாரிடின் என்ற இன்னொரு பூச்சிவிரட்டி வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை. இரவில் உடம்பு முழுக்க உண்ணி பாருங்கள், குறிப்பாக முழங்கால் மடிப்பிலும் அக்குளிலும் பிள்ளையின் தலையிலும். ஒட்டியிருந்தால் மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம்.

காலையில் 5 டிகிரிக்கும் கீழே இறங்கலாம். பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்; பெரியவர்களுக்கு உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, மேலே மழைக்கோட்டு. தொலைநோக்கி வாங்குவதானால் 8x42, அதாவது 8 மடங்கு பெரிதாக்கும், 42 மிமீ முன்வில்லை உள்ளது. 10 மடங்கில் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும், விடியல் வெளிச்சத்தில் படமும் மங்கும். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குடிக்க வேண்டாம். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி வயிற்றைக் கெடுக்கும். புளியோதரையும் தயிர்சாதமும் தாராளமாகக் கட்டிக்கொண்டு போங்கள். சாப்பிட்டதும் மிச்சத்தையும் பாத்திரத்தையும் காருக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள், கூடாரத்துக்குள் எதுவும் கூடாது.

அனுமதி விஷயத்தில் ஒன்று. அல்கோன்குவின் ஒண்டாரியோ மாகாணப் பூங்கா. தேசியப் பூங்காக்களுக்கான டிஸ்கவரி பாஸ் இங்கே செல்லாது. ஒண்டாரியோ பார்க்ஸ் தளத்தில் வாகனத்துக்கான நாள் பெர்மிட்டை 5 நாள் முன்பிருந்தே எடுக்கலாம். மே மாதத்தில் தட்டுப்பாடு இருக்காது. மேப்பிள் சிவக்கும் செப்டம்பர் கடைசி வார இறுதிகளில் தீர்ந்துபோகும். நிற்காமல் கடந்து போவதற்குப் பெர்மிட் தேவையில்லை, ட்ரெயிலில் இறங்கினால் தேவை. செல்போன் சிக்னலை நம்பாதீர்கள்; வரைபடத்தை முன்னரே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலை மேற்கு வாசலுக்கு முன்னால் வரும் ஹன்ட்ஸ்வில் ஊரிலேயே நிரப்பிவிடுங்கள்.

உங்கள் ஒன்றரை நாளை இப்படி வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் மதியம் டொராண்டோவில் கிளம்பினால் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் மேற்கு வாசல். நேரே ஓபியாங்கோ சாலைக்குப் போய்ச் சூரியன் மறையும்வரை அங்கே. இருட்டுவதற்குள் கிழக்கு வாசலுக்கு வெளியே விட்னியில் தங்கிக்கொள்ளுங்கள். மேற்கே திரும்பினால் இரவில் 46 கிமீக்கு மேல் ஓட்டவேண்டி வரும். மறுநாள் காலை ஐந்தேகாலுக்கெல்லாம் கார் நகரட்டும். கிழக்கிலிருந்து மேற்காகப் பள்ளங்களைப் பார்த்துக்கொண்டே அரோஹான் சாலை, அங்கே பழைய ரயில் தடத்தில் இரண்டு மணி நேரம். பத்து மணிக்குமேல் விலங்குகள் அடங்கிவிடும். அப்போது கிமீ 43 பார்வையாளர் மையத்துக்குத் திரும்பி வாருங்கள். சமீபத்தில் எங்கே என்ன தென்பட்டது என்று அங்குள்ளவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம், பின்னாலுள்ள மேடையிலிருந்து சண்டே ஓடைப் பள்ளத்தாக்கையும் பார்க்கலாம். பக்கத்திலேயே ஸ்ப்ரூஸ் பாக். அதை முடித்து, சாப்பிட்டு, மூன்று மணி வாக்கில் கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்துவிடலாம்.